மூழ்கியவன் எழ வேண்டும்



சென்ற மாதம் மாலை ஜெபக்கூட்டம் முடிந்தபின் ஒரு தாய் என்னிடம் வந்து நின்றார். பதினோராம் வகுப்பில் படிக்கும் தம் மகன் கைப்பேசி விளையாட்டிலேயே மூழ்கிக் கிடக்கிறான் என்றும், சாப்பிட அழைத்தாலும் அவன் காதில் விழுவதில்லை என்றும் சொன்னார். “நீங்கள்தான் ஐயா அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்” என்று கண் கலங்கினார். மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்றேன். அந்தத் தம்பியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவன் பெயரைக் குறிப்பிடவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

நான் அறை வாசலில் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. காதில் ஹெட்போன். கண்கள் திரையில். “நீ விழுந்த இடத்திலேயே இரு, நான் வருகிறேன்” என்று யாரிடமோ பதற்றத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடிந்தபின் என்னைக் கண்டு திடுக்கிட்டு எழுந்து, “ஸ்தோத்திரம் ஐயா” என்றான். நான் ஆயத்தமாகக் கொண்டுபோயிருந்த அறிவுரையைத் தொடங்கினேன். காலத்தின் அருமை, படிப்பு, கண்ணுக்கு வரும் கேடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு ஒன்று கேட்டான்: “ஐயா, நீங்கள் ஏதாவது ஒரு கேம் விளையாடியிருக்கிறீர்களா?”

இல்லை என்றேன். “போன வருஷம் பிரசங்கத்தில் கேம் எல்லாம் பிசாசின் வலை என்று சொன்னீர்களே ஐயா” என்றான். சொன்னது உண்மை. பிரசங்க பீடத்தில் ஏறி, நான் ஒருநாளும் தொட்டுப் பாராத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

அவன் அடுத்துச் சொன்னதுதான் இத்தனை நாளும் என்னை உறங்கவிடவில்லை. “என் அணியில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நான் ஐந்து நிமிஷம் தாமதித்தால் எங்கே என்று கேட்பார்கள். கோயிலுக்கு நான் இரண்டு மாதமாக வரவில்லை. யாருமே கேட்கவில்லை ஐயா.”

அவன் வழக்கமாக அமரும் கடைசி வரிசை காலியாக இருந்ததை நானும் கவனித்திருக்கவில்லை. அவனுக்குப் புத்தி சொல்லப் போன நான், பதில் சொல்ல வார்த்தையின்றித் திரும்பினேன். அதன்பின் நான் வாசித்ததையும் யோசித்ததையும் இந்த வாரம் உங்கள் முன் வைக்கிறேன்.

நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது “மூழ்கிக் கிடக்கிறான்” என்ற சொல்லையே நாம் எல்லாரும் பயன்படுத்துகிறோம். இந்தத் துறையை ஆராய்ந்தவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்கப் பேராசிரியை ஜேனட் மர்ரே, கணினியில் கதை சொல்லுவதைப் பற்றி 1997இல் வெளியிட்ட நூலில், நீரில் இறங்குவதையே இதற்கு உவமையாகக் காட்டினார். குளத்தில் இறங்கியவனைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் சூழ்வதுபோல, வேறோர் உலகம் நம் கவனம் முழுவதையும் சூழ்ந்துகொள்கிறது. அதோடு அவர் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். நாம் எடுக்கும் முடிவுக்கு அந்த உலகில் ஒரு விளைவு உண்டாவதைக் காணும்போது நமக்கு ஒரு நிறைவு பிறக்கிறது.

திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். திரைப்படத்தில் கதாநாயகன் ஆபத்தை நோக்கி நடக்கும்போது நாம் எவ்வளவு சத்தமிட்டாலும் அவன் திரும்புவதில்லை. விளையாட்டில் நாம் கையை அசைத்தால்தான் அவன் நடப்பான். நாம் திறந்தால்தான் கதவு திறக்கும். அங்கே அவனுடைய தவறு என் தவறாகிறது, அவனுடைய வெற்றி என் வெற்றியாகிறது. தன் செயலால் ஏதாவது நடக்க வேண்டும், தன் வரவை யாராவது எதிர்பார்க்க வேண்டும் என்னும் ஏக்கம் தேவன் மனுஷனுக்குள் வைத்த ஏக்கம். ஏதேன் தோட்டத்தில் ஆதாமை வேடிக்கை பார்ப்பவனாக வைக்காமல், அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் அல்லவா?

ஆகவே மூழ்குவதே பாவம் என்று இனி நான் சொல்லமாட்டேன். வேதத்திலேயே ஒரு தீர்க்கதரிசி ஒரு ராஜாவைக் கதைக்குள் மூழ்க வைத்திருக்கிறான்.

2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவையும் கொல்லுவித்த தாவீதிடம் நாத்தான் வருகிறான். குற்றச்சாட்டை நேரடியாகச் சொல்லவில்லை. ஏராளமான ஆடுமாடுகளை உடைய ஓர் ஐசுவரியவானையும், ஒரே ஓர் ஆட்டுக்குட்டியைத் தன் பிள்ளைபோல் மடியில் வளர்த்த ஒரு தரித்திரனையும் பற்றிக் கதை சொல்கிறான். தாவீது ஆடு மேய்த்து வளர்ந்தவன். ஆட்டுக்குட்டியின் கதகதப்பை அறிந்த கைகள் அவனுடையவை. கதைக்குள் முழுவதுமாக இறங்கிவிடுகிறான். அதைக் கேட்டதோடு நிற்காமல், கோபமூண்டு, அந்த ஐசுவரியவானுக்குத் தண்டனையும் விதிக்கிறான். அப்பொழுதுதான் அந்த மனுஷன் வேறு யாருமல்ல, தாவீதே என்று நாத்தான் வெளிப்படுத்துகிறான்.

நாத்தான் ராஜாவை அந்தக் கதைக்குள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தால், தாவீது தன்னை ஒரு நீதியுள்ள நியாயாதிபதி என்று எண்ணிக்கொண்டு அன்றிரவு நிம்மதியாக உறங்கியிருப்பான். தீர்க்கதரிசி அவனை வெளியே கொண்டுவந்து, அவனுடைய சொந்த வாழ்க்கையின் கரையில் நிறுத்தினான். அங்கே மனந்திரும்புதல் பிறந்தது.

ஞானஸ்நானத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் அமிழ்த்துதல், தோய்த்தல் என்பதே அடிப்படைப் பொருள். நம் சபையில் தண்ணீரைத் தெளித்தே ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஆயினும் ரோமர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் வரையும் சித்திரத்தில் இறங்குதலும் உண்டு, எழுதலும் உண்டு. கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டவன் புதிய ஜீவனில் நடக்கிறான். தண்ணீருக்குள் போனவன் அங்கேயே இருந்துவிட்டால் அது ஞானஸ்நானம் ஆகாது, மரணம் ஆகிவிடும். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: மூழ்கியவன் எழ வேண்டும். ஒரு கதையோ, ஒரு பாட்டோ, ஒரு விளையாட்டோ நம்மை எவ்வளவு ஆழம் கொண்டுபோகிறது என்பதைவிட, எழுந்து வரும்போது நாம் யாராக வருகிறோம் என்பதே கேள்வி.

இதை யோசித்துக்கொண்டிருந்த நாள்களில், நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த ஒருவர் ஒரு சனிக்கிழமை மாலை தம் மடிக்கணினியோடு வந்தார். “ஐயா, ஒரே ஒரு கேம் விளையாடிப் பாருங்கள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும்” என்றார். அதன் பெயர் ‘தட் டிராகன், கேன்சர்’. புற்றுநோய் என்னும் அந்த வலுசர்ப்பம் என்று பொருள் கொள்ளலாம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வாழ்ந்த ரையன் கிரீன், ஏமி கிரீன் என்ற கிறிஸ்தவத் தம்பதியர் தங்கள் மகன் ஜோயலைப் பற்றி நண்பர்களோடு சேர்ந்து உருவாக்கியது அது. ஜோயலுக்கு ஒரு வயதானபோது மூளையில் அரிதான புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களே உயிரோடிருப்பான் என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். அவனோ நான்கு ஆண்டுகள் போராடி, 2014 மார்ச் மாதம் தன் ஐந்தாம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தான். குழந்தை உயிரோடிருந்தபோதே தொடங்கிய அந்தப் பணியை, அவனை அடக்கம்பண்ணிய பிறகும் பெற்றோர் தொடர்ந்தார்கள். 2016 ஜனவரி 12 அன்று அது வெளியானது. ஜோயல் உயிரோடிருந்திருந்தால் அன்று அவனுக்கு ஏழு வயது நிறைந்திருக்கும்.

அதில் வரும் மனிதர்களின் முகத்தில் கண், மூக்கு, வாய் எதுவும் வரையப்படவில்லை. ஆனால் கேட்கும் குரல்கள் அந்தக் குடும்பத்தாருடையவை. குழந்தையின் சிரிப்பும் ஜோயலின் சிரிப்பே. முகமில்லாத அந்தக் குழந்தைக்கு என் மனம் தானாகவே ஒரு முகத்தைக் கொடுத்தது. நம் கல்லறைத் தோட்டத்தில் நானே அடக்க ஆராதனை நடத்திய ஒரு பிள்ளையின் முகம் அது.

ஒரு காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். மருத்துவமனை அறை. இரவு. உடலில் நீர் வற்றிப்போன ஜோயல் இடைவிடாமல் அழுகிறான். நாம் தகப்பனின் இடத்தில் இருக்கிறோம். பழச்சாறு கொடுத்தால் அது வயிற்றில் தங்குவதில்லை. தூக்கிக்கொண்டாலும் அழுகை நிற்பதில்லை. நான் சுட்டியை எடுத்து அறையில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அழுத்திப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. பக்கத்திலிருந்த வாலிபரிடம், “தம்பி, இங்கே நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டேன். “ஒன்றும் செய்ய முடியாது ஐயா” என்றார்.

ரையன் கிரீனுக்கு இந்த விளையாட்டின் எண்ணம் பிறந்ததே அப்படிப்பட்ட ஓர் இரவில்தான். பிள்ளையைத் தேற்ற ஒரு தகப்பனுக்குத் தெரிந்த வழிகள் எல்லாம் அன்று பொய்த்துப்போயின. எதை அழுத்தினாலும் பலிக்காத ஒரு விளையாட்டைப் போல இது இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியது. விளையாட்டிலும் கடைசியில் அந்தத் தகப்பன் ஜெபிக்கிறார். அதன் பின்னரே அழுகை அடங்குகிறது.

முப்பது ஆண்டுகளாக மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே நின்று ஜெபித்தவன் நான். ஆனால் எத்தனை முறை ஒரு சங்கீதத்தை வாசித்து, ஒரு ஜெபம் செய்து, பத்து நிமிடத்தில் விடைபெற்று வந்திருக்கிறேன்! அந்த அறையின் அழுகையிலிருந்து தப்பித்து வர என் ஜெபத்தையே நான் வாசலாக்கிக்கொண்டதும் உண்டு. அன்று அந்தத் திரைக்கு முன் அப்படித் தப்ப முடியவில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்ததே அவர்கள் செய்த நல்ல ஊழியம் என்று நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அது எப்படிப்பட்டது என்பதை ஒரு வீடியோ கேம் எனக்குக் கற்றுக்கொடுத்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுவே உண்மை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பெற்றோர் சுகத்துக்காக ஊக்கமாய் ஜெபித்தார்கள். பிள்ளை மரித்தது. அதை அவர்கள் மூடி மறைக்கவில்லை. தகப்பன் தன் நம்பிக்கையிழப்பில் கடலுக்குள் மூழ்குவதாகவே ஒரு காட்சி உண்டு. நம் நடுவிலோ, இப்படிப்பட்ட துக்க வீட்டில் விசுவாசம் குறைவு என்று முணுமுணுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று அறிந்திருந்தும் நம் ஆண்டவர் கல்லறையருகே கண்ணீர் விட்டார். எழுப்ப வல்லவரே அழுதார் என்றால், எழுப்ப வல்லமையில்லாத நாம் அழாமல் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

அப்படியானால் விளையாட்டு எல்லாமே நல்லது என்கிறாரா ஆயர் என்று சிலர் கேட்பீர்கள். இல்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் நான் என் மந்தைக்கு உண்மையுள்ளவனாக மாட்டேன்.

கிரீன் தம்பதியரின் விளையாட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அது நம்மை வெளியே அனுப்பிவிடுகிறது. நம் பிள்ளைகளின் கைப்பேசியில் உள்ள பல விளையாட்டுகளுக்கு முடிவே இல்லை. தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு, பணம் கட்டினால் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டி என்று, எழவே கூடாது என்ற நோக்கத்தோடு அமைக்கப்பட்டவை அவை. அப்படிப்பட்ட பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே பெல்ஜியம் நாடு 2018இல் அறிவித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. அதன் அடையாளங்கள் மூன்று: கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைத்தல், கேடு வருவதைக் கண்டும் விடாமல் தொடர்தல். இந்நிலை பொதுவாக ஓராண்டளவு நீடித்து, குடும்பமும் படிப்பும் வேலையும் பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் அதை நோய் என்பார்கள். எனவே தேர்வு விடுமுறையில் நான்கு நாள் விளையாடிய பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். மெய்யாகவே அந்நிலையில் இருக்கும் பிள்ளையை அடித்தும் திட்டியும் திருத்த முயலாதீர்கள். மருத்துவ உதவி நாடுங்கள். அதில் எந்த வெட்கமும் இல்லை.

கிரீன் தம்பதியர் 2016இல் ஒரு வருத்தத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். பலர் தாங்கள் விளையாடாமல், வேறொருவர் விளையாடும் காணொளியைப் பார்த்ததோடு முடித்துக்கொண்டார்கள். அழுகிற பிள்ளையை யாரோ ஒருவர் தூக்குவதைப் பார்ப்பது ஒன்று. நாமே தூக்குவது வேறொன்று. அதைப் படித்தபோது எனக்கு நம் ஆராதனை நினைவுக்கு வந்தது. பாடுகிறவர்கள் பாடுகிறார்கள், ஆயர் பேசுகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் பல ஆகியும், சிலர் இன்னமும் வீட்டிலிருந்து திரையில்தான் பார்க்கிறார்கள். திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரம் இராமல் அதன்படி செய்கிறவர்களாய் இருக்க வேண்டும் என்று யாக்கோபு எழுதிய நிருபம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினோராம் வகுப்புத் தம்பிக்கு நாம் செய்யக் கொடுத்த காரியம் என்ன? விளையாட்டு அவனுக்கு ஒரு பங்கைக் கொடுத்தது. நாம் ஓர் இருக்கையைக் கொடுத்தோம்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, பெற்றோரே, பறிப்பதற்கு முன் அருகில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் உங்கள் பிள்ளை விளையாடுவதைப் பார்த்து, அந்த உலகில் அவனுக்கு அல்லது அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். பின்பு அளவு வையுங்கள். அருகில் உட்கார்ந்தவர் வைக்கும் அளவைப் பிள்ளைகள் எளிதில் தள்ளுவதில்லை.

இரண்டாவது, வாலிபரே, திரையை அணைத்தபின் ஒரு கேள்வியை உங்களையே கேளுங்கள்: இதிலிருந்து எழுந்துவந்த நான், அடுத்த அறையில் இருப்பவர்களிடம் முன்னைவிட அன்பாக இருக்கிறேனா, எரிச்சலாக இருக்கிறேனா? விழுந்த தோழனைத் தூக்கிவிட ஓடும் நீங்கள், முழங்கால் வலியோடு படி ஏறும் பாட்டியின் கையைப் பிடிக்கிறீர்களா? அங்கே கற்ற நற்குணம் இங்கே வந்து சேரவில்லையென்றால் நீங்கள் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறீர்கள்.

மூன்றாவது, சபை மூப்பரே, இது உங்களுக்கும் எனக்கும். ஒரு பிள்ளை இரண்டு வாரம் வரவில்லையென்றால் மூன்றாம் வாரம் யாராவது ஒருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். வாலிபர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு இருக்க வேண்டும். அவர் வராவிட்டால் ஏதாவது ஒன்று நடக்காமல் நிற்க வேண்டும்.

முடிப்பதற்கு முன் சிலுவையைப் பார்ப்போம். விளையாடுகிற எவரும் எந்நேரமும் வெளியேறலாம். அந்த மருத்துவமனைக் காட்சியில் நானும் மடிக்கணினியை மூடியிருக்கலாம். ஜோயலின் பெற்றோருக்கோ அந்த அறையிலிருந்து வெளியேற வழியில்லை. நம் ஆண்டவருக்கு வழி இருந்தது. தேவகுமாரனானால் இறங்கி வா என்று கீழே நின்றவர்கள் ஏளனம் செய்தார்கள். இறங்க வல்லவர் இறங்கவில்லை. நம் மரணத்துக்குள் முழுவதுமாய் மூழ்கினார். மூன்றாம் நாள் எழுந்தார். அவர் எழுந்தது நம்மையும் கரையேற்றுவதற்காகவே.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த ஞாயிறும் அவன் வரவில்லை. ஆராதனை முடிந்து அங்கியைக் கழற்றுமுன் நானே அவனுக்குப் போன் செய்தேன். சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “என்னைத் தேடினீர்களா ஐயா?” என்று கேட்டான். ஆம் என்றேன். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வர வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அவன் விளையாடும் கேமை எனக்குக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டேன். சிரித்தான். இந்தச் சனிக்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போகிறேன். எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபிப்போம்: அன்பின் பரம தகப்பனே, நாங்கள் தேடாமல் விட்ட பிள்ளைகளுக்காக எங்களை மன்னியும். துக்கிக்கிறவர்களின் அருகே அவசரமின்றி உட்காரும் இருதயத்தைத் தாரும். ஆழங்களில் இருக்கும் எங்கள் பிள்ளைகளைக் கைபிடித்துக் கரைசேர்த்தருளும். மரணத்திலிருந்து எழுந்த இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்